படகில் தண்ணீர் வேண்டாம் என்கிற ஆச்சிமார்

வயசான பெண்களைக் கடலில் கூட்டிப் போவதில் எனக்கு நெடுந்தீவு முழுக்க ஒரு பேர் இருந்தது. "வள்ளியம்மையோடை அனுப்பினால் பயமில்லை" என்பார்கள். அந்தப் பேர் எப்படி வந்தது என்று அன்றைக்கு நீங்கள் மூன்று பேரும் கேட்டீர்கள். வாய் நிறைய வெற்றிலை இருந்ததால் சிரித்துச் சமாளித்துவிட்டேன். இனி இந்த வேலைக்கு நீங்கள்தான் படகேறப் போகிறீர்கள். அதனால் இன்றைக்கு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்கிறேன்.

முதலில் சின்ன விஷயங்கள். ஆச்சிமார் நயினாதீவு அம்மாள் கோயிலுக்குப் போவதென்றால் அரைவாசி வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வருவார்கள். தலையணை, எள்ளுருண்டை, ஒடியல், பாக்குவெட்டி, மூன்றாம் பேத்தியின் சட்டை. எதையும் கரையில் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லாதீர்கள். பொட்டளி மடியில் இருந்தால்தான் அவர்களுக்கு மனசு நிலைக்கும். ஒரு ஆச்சி, நயினாதீவில் கட்டிக்கொடுத்த பேத்திக்கென்று ஒரு முட்டைக்கோழியைச் சீலைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தா. நடுக்கடலில் அது முட்டை இட்டுவிட்டது. ஆச்சி முட்டையைத் தூக்கிக் காட்டி, "பாருங்கோ, அம்மாள் தந்தது!" என்றா. எங்கள் தண்டையல், அதாவது படகை நடத்துகிறவர், கிறிஸ்தவ வேதக்காரர். அவர் பாய்க்கயிற்றைப் பிடித்தபடியே, "அம்மாளுக்கு மச்சமாமிசம் ஆகாதெல்லோ ஆச்சி, அப்ப ஆர் தந்திருப்பினம்?" என்றார். படகு முழுக்கச் சிரித்தது. ஆச்சிக்கு மட்டும் கோபம். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் வருகிறது. அந்தக் கேள்வியும் வருகிறது. கோழி இட்டதை அம்மாள் தந்தது என்று சொல்லுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. முட்டையோடு நின்றால் பாதகமில்லை.

படகின் முன்பக்கத்தில் கிழவிகளை இருத்தாதீர்கள். அங்கேதான் தூக்கிப் போடும். நடுவில் இருத்துங்கள். தலை சுற்றினால் தேசிக்காயை வெட்டி மூக்கில் பிடியுங்கள், அந்தப் புளிப்பு மணம் போதும். ஏற்றும்போது உள்ளங்கையைப் பிடித்து இழுக்காதீர்கள், வழுகிவிடும். முழங்கைக்கு மேலே பிடியுங்கள். காது கேளாதவர்களுக்கு "அலை வருகுது" என்று கத்தி என்ன பிரயோசனம்? தொடையைத் தட்டினால் போதும். இதெல்லாம் நாலு தரம் போனால் உங்களுக்கே வந்துவிடும்.

தானாக வராதது ஒன்று இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

யுத்தம் தொடங்குவதற்குப் பல வருஷம் முந்தி. நான் தாலி இழந்து இரண்டு வருஷம். யாராவது கிழவி எங்காவது போகவேண்டும் என்றால், வீட்டில் மற்றவர்களுக்கு வேலை இருக்கும், எனக்கு இல்லை என்று என்னைக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டது பட்டிக்கார வீடு. பட்டி நிறைய மாடு வைத்திருந்த பெரிய வீடு அது. அந்த வீட்டு ஆச்சிக்குப் பங்குனித் திங்கட்கிழமையில் நயினாதீவு அம்மாளைக் கும்பிடவேண்டும் என்று நேர்த்தி. மகனுக்கு நேரமில்லை. மூத்த மகள் தெய்வானை அக்காவுக்கு அன்றைக்குக் கோயிலுக்குப் போகக்கூடாத நாள். "நீ கூடப் போ" என்றார்கள்.

விடியப் புறப்பட்டோம். படகில் ஆண்கள் ஒன்பது பேர், பெண்கள் நாங்கள் நாலு பேர். நல்ல காற்றென்றால் வெயில் ஏறமுன் போய் இறங்கலாம். படகு கொஞ்சம் போனதும் நான் மண்முட்டியில் இருந்து மூக்கு வைத்த பேணியில் தண்ணீர் வார்த்து நீட்டினேன்.

"ஆச்சி, ஒரு மிடறு குடியுங்கோ."

"வேண்டாம் பிள்ளை. விரதம்."

"திங்கள் விரதத்துக்குத் தண்ணி குடிக்கலாந்தானே?"

"நான் பிடிக்கிற விரதம் எனக்குத் தெரியும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. எழுபது வயசில் பச்சைத்தண்ணீரும் பல்லில் படாத விரதம்! பக்கத்தில் இருந்தவளும், "பாத்தீரே? நாங்களும் இருக்கிறம், விடிய எழும்பின உடனை தேத்தண்ணி தேடிக்கொண்டு" என்றாள். நான் பேணியில் இருந்ததை நானே குடித்துவிட்டேன். அந்தத் தண்ணீர் நல்ல குளிர்மையாக இருந்தது. இன்றைக்கும் சொல்லுவேன், அவ்வளவு குளிர்மையாக இருந்தது.

பிறகு காற்று விழுந்துபோயிற்று. பங்குனியில் அது புதுமை இல்லை. பாய் செத்த வாழையிலை மாதிரித் தொங்கியது. ஆண்கள் தண்டு வலிக்கத் தொடங்கினார்கள். வெயில் மேலேயும் இருந்தது, கடலுக்குள்ளேயும் இருந்தது. எல்லோருக்கும் வியர்வை ஒழுகிக் கண்ணுக்குள் போகிறது. ஆச்சியின் நெற்றியைப் பார்த்தேன். திருநீறு பூசினது பூசினபடி இருந்தது. ஒரு துளி வியர்வை இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் இருந்தவளின் கையைச் சுரண்டி, "பாரும், அம்மாளின்ரை அருளை. வெயில் கூட அவவைத் தொடேல்லை" என்றேன். ஆச்சியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. மந்திரம் சொல்லுகிறா என்று நினைத்து நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணை மூடாமல் இருந்திருந்தால்!

வெறுங்கடலைக் கையால் காட்டி ஆச்சி என்னிடம் கேட்டா:

"பிள்ளை, உது ஆற்றை வளவு?"

கடலைக் காட்டி யாருடைய வீட்டுக் காணி என்று கேட்கிறா! அதைக் கேட்டதும் தண்டையல் திரும்பிப் பார்த்தார். ஒரு பார்வைதான். "தங்கச்சி, அவவுக்குத் தண்ணி குடும்! விரதம் மண்ணாங்கட்டி, வாயைத் திறந்து ஊத்தும்!" என்று கத்தினார்.

நான் பேணியை வாயில் வைத்தேன். ஆச்சி உதட்டை இறுக்கிக்கொண்டா. கையால் என் தலையை இழுத்துக் காதுக்குள் சொன்னா. அந்த மூச்சு அடுப்புப் புகை மாதிரிச் சுட்டது.

"குடிச்சால் ஒண்டுக்கு வருமெல்லே, பிள்ளை. இத்தினை ஆம்பிளையளுக்குள்ளை நான் எங்கை போறது? அதுக்குத்தானே நேத்து மத்தியானந் துவங்கிக் குடிக்காமல் கிடக்கிறன்."

"அப்ப விரதம்?"

"அது உங்களுக்குச் சொன்னது."

படகில் மறைவு என்று ஒன்று அந்தக் காலத்தில் இல்லை. ஆண்கள் பின்பக்கம் போய்க் கடலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள், முடிந்தது. பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். எனக்கு அப்போது முப்பது வயசு, என்னால் முடியும். எழுபது வயசுக்காரி என்ன செய்வா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

என் சீலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் அங்காலை திரும்புங்கோ!" என்று கத்தினேன். ஒன்பது ஆண்களும் திரும்பினார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது, பாருங்கள். விடியப் புறப்பட்ட உடனேயே ஒரு சீலைத் தலைப்பை விரித்திருந்தால் போதும். இப்போது வார்த்த தண்ணீர் கடைவாயால் வழிந்துபோயிற்று. விழுங்க அவவுக்கு ஏலாமல் போய்விட்டது.

நயினாதீவின் பனைகள் தெரிகிற தூரத்தில் ஆச்சி கடைசியாக ஒன்று கேட்டா.

"பிள்ளை, என்ரை சீலை நனைஞ்சு போச்சோ?"

தொட்டுப் பார்த்தேன். கொடியில் காய்ந்த துணி மாதிரி இருந்தது. "இல்லை ஆச்சி, காஞ்சுதான் இருக்கு" என்றேன். முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. இறங்குதுறைக்குப் போகமுன் மூச்சு நின்றுவிட்டது.

துறையில் கும்பிட வந்த சனம் கூடியது. ஒரு பெரியவர் கையைத் தலைக்குமேல் கூப்பி, "பங்குனித் திங்களிலை, விரதத்தோடை, அம்மாளின்ரை வாசல்லை! இப்பிடி ஒரு சாவு ஆருக்குக் கிடைக்கும்?" என்றார். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்யத் தெரியும்? இறங்காமல் உடலோடு திரும்பினோம். திரும்பும்போது காற்று வந்தது. பாய் புடைத்துக்கொண்டு அப்படி ஓடியது படகு.

வீட்டு வாசற் படலையில் தெய்வானை அக்கா என்னைப் பிடித்து உலுக்கினா. "அம்மா கடைசியா என்னடி சொன்னவ?" என்று கேட்டா. ஊரே காது கொடுத்து நிற்கிறது. அவ்வளவு பேருக்கு முன்னால் சீலை நனைந்ததா என்ற கேள்வியை நான் எப்படிச் சொல்ல? நனையக்கூடாது என்றுதானே ஆச்சி உயிரையே விட்டா?

"'தாயே' எண்டு சொன்னவ, அக்கா" என்றேன்.

என் பேர் அங்கேதான் முளைத்தது. அடுத்த மாதமே மூன்று வீட்டில் இருந்து ஆள் வந்தது. ஒரு மருமகள்காரி கொஞ்சமும் கூசாமல், "எங்கடை மாமிக்கும் அப்பிடி ஒரு போக்கு வந்தால் நல்லதுதானே அக்கா? நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்று கேட்டாள். மாமி உள்ளே இருந்து, "எடியே, எனக்கு முதல் உன்ரை கொம்மாவை அனுப்பு!" என்று குரல் கொடுத்தா. அந்த மாமியை நான் ஏழு தரம் கூட்டிப் போய் ஏழு தரமும் உயிரோடு கொண்டுவந்து விட்டேன். மருமகள் ஒரு தரமும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

தண்டையல் மட்டும் என்னைப் புகழவில்லை. ஆச்சியின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு மறுநாள் துறையில் வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார்:

"தங்கச்சி, நீர் அண்டைக்கு அவவைப் பாக்கேல்லை. விரதத்தைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனீர்."

எனக்கு அழுகை வந்தது. "நீங்களும் படகிலைதானே அண்ணை இருந்தனீங்கள்?" என்றேன்.

"ஓம். இருபது வருஷமாப் படகு ஓட்டிறன். பொம்பிளையளும் மனிசர் எண்டு எனக்கும் தெரியேல்லை." ஊசியைக் கயிற்றில் குத்தி வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அடுத்த பயணத்தில் படகின் பின்பக்கத்தில் இரண்டு தடி நட்டு, சாக்கு கட்டி, உள்ளே ஒரு சட்டியும் வைத்திருந்தார். ஆண்கள் விட்டுவைப்பார்களா? "என்ன தண்டையல், உள்ளுக்கை குசினியும் வைச்சிருக்கிறீரோ?" என்றான் ஒருவன். "ஓம், உமக்குக் கஞ்சி அங்கைதான்" என்றார் தண்டையல்.

ஆனால் சாக்குக் கட்டினால் மட்டும் ஆச்சிமார் போகமாட்டார்கள். முதல் பயணத்தில் ஒருத்தியும் எழும்பவில்லை. எல்லோரும் சாக்கையே பார்க்காத மாதிரி இருந்தார்கள். அப்போது நான் எழும்பி, படகு முழுக்கக் கேட்க, "எனக்கு வந்திட்டுது, காலை மடக்குங்கோ, வழி விடுங்கோ!" என்று சொல்லிக்கொண்டு போனேன். திரும்பி வந்து, "அப்பாடா" என்று இருந்து, எல்லோருக்கும் முன்னால் ஒரு பேணி தண்ணீர் குடித்தேன். மெல்ல ஒரு ஆச்சி என் சீலையை இழுத்தா. பிறகு இன்னொருத்தி. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: வந்தாலும் வராவிட்டாலும் முதலில் நீங்கள் போகவேண்டும். உங்களுக்கு வெட்கமாக இருக்கும். ஆச்சிமாருக்கு அதைப்போல நூறு மடங்கு வெட்கம் இருக்கிறது. அதை அவர்கள் சொல்லமாட்டார்கள். விரதம் என்பார்கள், வயிறு சரியில்லை என்பார்கள், தாகம் இல்லை என்பார்கள்.

இப்படிப் பன்னிரண்டு வருஷம். சாக்கு மூன்று தரம் மாறியது. உண்மையை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. பட்டிக்கார வீட்டில் ஆச்சியின் திவசத்துக்குத் திவசம் என்னைக் கூப்பிட்டு முதல் பந்தியில் இருத்துவார்கள். "'தாயே' எண்டு சொல்லிப்போட்டுப் போனவ" என்று தெய்வானை அக்கா வருகிறவர்களுக்குச் சொல்லுவா. நான் சோற்றைக் குழைத்துக்கொண்டிருப்பேன்.

யுத்த காலம் வந்தது. துணிக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஆச்சிமாருக்கும் நேர்த்திக்கும் மட்டும் தட்டுப்பாடு இல்லை. ஒரு பங்குனியில் தெய்வானை அக்காவே என்னைத் தேடி வந்தா. தலை முழுக்க நரைத்து, ஆச்சியைப் போலவே இருந்தா.

"வள்ளியம்மை, திங்கட்கிழமை நயினாதீவுக்குப் போறன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன நீதான் என்னையும் கூட்டிக்கொண்டு போகவேணும்."

"அதுக்கென்ன அக்கா, போவம். தண்ணியும் மோரும் நான் கொண்டுவாறன்."

"மோரோ? அம்மாவைப் போல, தண்ணி பல்லிலை படாமல்தான் போறன்."

"வெயில் அக்கா. ஏலாது."

"அம்மாவை நீ வற்புறுத்தினனியோ? என்னை மட்டும் ஏன் வற்புறுத்திறாய்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. கரையிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு உயிரைப் படகில் ஏற்றிப் பந்தயம் வைத்திருக்க வேண்டாம். எனக்கு என் பேர் பெரிதாக இருந்தது, முதல் பந்தி பெரிதாக இருந்தது. காற்று நன்றாக இருக்கும், சீக்கிரம் போய்விடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறினேன். இதை நீங்கள் செய்யாதீர்கள். கரையில் சொல்லக் கூசுகிறதைக் கடலில் சொல்லவேண்டி வரும். அங்கே எழும்பிப் போக இடமில்லை.

அதே தண்டையல்தான். அவரும் கிழவனாகியிருந்தார். பாதி வழியில் காற்று விழுந்தது. நான் வழமைபோல எழும்பிச் சாக்குக்குப் பின்னால் போய் வந்து, தண்ணீர் குடித்து, நீட்டினேன். மற்றப் பெண்கள் குடித்தார்கள். தெய்வானை அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டா. அவவுக்கு இருந்தது வெட்கம் இல்லை. வெட்கத்துக்குச் சாக்குக் கட்டலாம். அவவுக்கு இருந்தது பெருமை, அதுவும் நான் கொடுத்த பெருமை. அதற்கு என்னத்தைக் கட்டுவது?

வெயில் ஏறியது. நான் அவவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதடு வெடித்து வெள்ளையாகியது. பிறகு நெற்றியைப் பார்த்தேன். திருநீறு பூசினது பூசினபடி இருந்தது.

பக்கத்தில் இருந்த ஒருத்தி, "பாத்தியளே, கொஞ்சமும் வேர்க்கேல்லை. தாயைப் போலை" என்று கையைக் கூப்பினாள். என் வார்த்தையை யாரோ என் வாயிலேயே அள்ளித் திணித்த மாதிரி இருந்தது.

தண்டையலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு பாயைப் பார்த்தார். நீர்தான் சொல்லவேணும் என்ற மாதிரி இருந்தது.

பேணியை நிறைத்துக்கொண்டு போய் அவவின் காலடியில் இருந்தேன்.

"அக்கா, உங்கடை அம்மா விரதத்தாலை குடிக்காமல் விடேல்லை."

"என்ன கதைக்கிறாய்?"

"ஆம்பிளையளுக்குள்ளை ஒண்டுக்குப் போகேலாது எண்டு குடிக்காமல் விட்டவ. விரதம் எண்டது எங்களுக்குச் சொன்ன சாட்டு. என்ரை காதுக்குள்ளை சொன்னவ."

"வாயைப் பொத்தடி!"

"அவவை அம்மாள் கூப்பிடேல்லை, அக்கா. தண்ணி இல்லாமல் செத்தவ. நான் பக்கத்திலை இருந்து கும்பிட்டுக்கொண்டு இருந்தனான்."

தண்டு வலித்தவர்கள் கூட நிறுத்திவிட்டார்கள். தெய்வானை அக்காவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அடியில் பலம் இல்லை. அந்தப் பலமின்மைதான் என்னைப் பயப்படுத்தியது.

"'தாயே' எண்டு சொன்னவ எண்டு சொன்னனியேடி?"

"பொய், அக்கா. 'சீலை நனைஞ்சு போச்சோ' எண்டு கேட்டவ. அதுதான் கடைசி."

அழவேண்டும் என்று அவவின் முகம் கோணியது, கண்ணீர் வரவில்லை. உடம்பில் தண்ணீர் இருந்தால்தானே வரும்? பிறகு கேட்டா:

"நனைஞ்சிருந்ததோ?"

"இல்லை அக்கா. காஞ்சிருந்தது."

கையை நீட்டினா. பேணியைக் கொடுத்தேன். மிடறு மிடறாகக் குடித்தா, தலையைத் தூக்கி மறுபடியும் நீட்டினா, மறுபடியும் வார்த்தேன். மூன்றாம் பேணி குடித்தபோதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. நெற்றியில் திருநீறு கரைந்து ஒரு கோடாக இறங்கியது. பேணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இனி நான் என்னத்தைச் சொல்லியடி அம்மாவை நினைக்கிறது?" என்றா. அதுதான் அவ என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. கொஞ்சம் பொறுத்துச் சாக்குக்குப் பின்னால் போகவேண்டி வந்தது. என் கையைப் பிடிக்காமல், தண்டையலின் தோளைப் பிடித்துக்கொண்டு போனா. நயினாதீவில் தன் காலால் இறங்கி, அம்மாளைக் கும்பிட்டு, தன் காலால் படகேறித் திரும்பி வந்தா.

அந்தக் கிழமைக்குள் ஊர் முழுக்கக் கதை போய்விட்டது. "தண்ணி குடுக்காமல் பட்டிக்கார ஆச்சியைச் சாகவிட்டவள்" என்றார்கள். பொய் என்று சொல்ல முடியுமா? அதோடு சேர்த்து, "செத்தவவின்ரை மானத்தைப் படகிலை ஏலம் போட்டவள்" என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டில் இருந்தும் ஆள் வரவில்லை. நான் வேலையை விட்டேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். வேலைதான் என்னை விட்டது. பொய்யோடு கூட்டிப் போனபோது ஒரு கிழவி செத்தா, முதல் பந்தி கிடைத்தது. உண்மையைச் சொன்னபோது ஒரு கிழவி பிழைத்தா, படலை சாத்தப்பட்டது. இந்த ஊர்க் கணக்கு எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளுகிற ஆசையும் போய்விட்டது.

தெய்வானை அக்கா இன்னும் இருக்கிறா. இனி உங்களில் ஒருத்திதான் கூட்டிப் போகவேண்டி வரும். ஒவ்வொரு பங்குனித் திங்களும் துறைக்கு என் வேலியோரமாகத்தான் போகவேண்டும், வேறு வழி இல்லை. நான் படலையில் நிற்பேன். அவ இந்தப் பக்கம் திரும்பமாட்டா. நான் முகத்தைப் பார்க்க நிற்பதும் இல்லை. அவவின் கையில் தண்ணீரோடு ஒரு மூக்குப்பேணி இருக்கும். நடக்க நடக்க அது தளும்பி மண்ணில் துளி துளியாக விழும். அவ போன பிறகு போய் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் உலை வைப்பேன்.